அப்பாவுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் டிமென்ஷியா என்கிறார்கள். எப்படி?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் புதுப்பாளையத்தில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. கரும்பு ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவர். மூன்று வருடம் முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. பெண்கள் எல்லாம் அழுதுகொண்டிருக்க, இவர் டீ ஆறிப்போயிருக்கிறது என்று அங்கேயே சத்தம் போட்டார். அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டிவந்துவிட்டோம். அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. மளிகைக் கடையில் முந்திரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு காசு கொடுக்காமல் நடந்துவிடுவார். ஒரே உட்காரலில் அரைக் கிலோ அல்வா. அம்மா கால் எலும்பு முறிந்து படுத்திருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு “அப்போ ராத்திரிக்கு யார் தோசை ஊத்துறது?” என்றார். இப்படிப்பட்ட மனிதர் இல்லை அவர். எனக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்கத் தூங்காதவர்.

இரண்டு வருடம் மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ரகசியமாகக் குடிக்கிறாரா என்று கூட ஒரு டாக்டர் கேட்டார். இப்போது நரம்பியல் டாக்டர் ஒருவர் எம்ஆர்ஐ பார்த்துவிட்டு டிமென்ஷியா என்கிறார், முன்மூளையில் வருகிற வகையாம். எனக்குப் புரியாதது இதுதான்: 1998இல் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார் என்று வட்டியோடு சொல்கிறார். தெரு, தேதி, பேரன் பிறந்தநாள் எதுவும் மறக்கவில்லை. இது எப்படி மறதி நோய்?

இன்னொன்று. என் மாமியாருக்கு அல்சைமர், அவர்களும் எங்கள் வீட்டில்தான். ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பார்கள், ஆனால் யார் வந்தாலும் “வாங்க, சாப்பிட்டீங்களா” என்று அத்தனை பாந்தம். நான் சமையலறையில் அழுதால் ஏன் என்று தெரியாமலே பக்கத்தில் வந்து நின்று கூடவே அழுவார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டிவி சத்தத்தைக் கூட்டுவார். இரண்டுக்கும் ஒரே பெயரா?


சில்வர்பீச் காற்று:

ரிட்டயர் ஆனதும் எல்லா ஆம்பளைகளும் இப்படித்தான் அக்கா. ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள், சரியாகிவிடும்.


நெல்லித்தோப்பு டீச்சர்:

மேலே எழுதிய தம்பி, சாவு வீட்டில் டீக்குச் சண்டை போடுவது ஓய்வு பெற்றதால் வருவதில்லை. தெரியாவிட்டால் படித்துவிட்டுப் போகலாமே.


ஸ்கேன்ரூம்:

நான் டாக்டர் இல்லை. எம்ஆர்ஐ அறையில் பதினொரு வருட வேலை, மூளைப் படங்களைப் பற்றிப் படிப்பது கிறுக்கு. அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை அக்கா, குழப்பம் உங்களிடம் இல்லை, பெயரில். டிமென்ஷியா என்பதை ‘மறதி நோய்’ என்று மொழிபெயர்த்ததுதான் பாதி வினை. அது ஒரு நோயின் பெயரே இல்லை, பல நோய்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலைமையின் பெயர். எந்த நோய், எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பொறுத்து எது முதலில் போகும் என்பது மாறும். சிலருக்கு ஞாபகம், சிலருக்குச் சொல், சிலருக்குக் கண் பார்ப்பதைப் புரிந்துகொள்வது, உங்கள் அப்பாவுக்கு அடுத்த மனிதரின் நிலையை உணர்வது.

பாதை என்று ஏன் சொல்கிறேன் என்றால், மூளையில் ஒரு வேலையை ஒரு மூலை மட்டும் தனியாகச் செய்வதில்லை. தூரம் தூரமாக இருக்கும் பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். 1995இல் பரத் பிஸ்வால் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் காட்டினார். ஸ்கேனருக்குள் ஆளைச் சும்மா படுக்க வைத்தாலும், கை அசைக்கும் இடது பகுதியும் வலது பகுதியும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அதுவரை அதைச் சத்தம், குப்பை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். 2001இல் மார்கஸ் ரெய்க்கிலின் குழு இன்னொன்றைச் சொன்னது: நாம் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்து பழசை அசைபோடும்போது மும்முரமாகி, வேலை கொடுத்தால் அடங்குகிற பகுதிகள் இருக்கின்றன. அதற்கு டிஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர். சும்மா இருப்பதே சுகம் என்கிறோம், மூளை சும்மா இருப்பதே கிடையாது. உடம்பின் எடையில் 2 சதவீதம்தான், சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே தின்கிறது.

உங்கள் மாமியாருக்கு அடி விழுந்திருப்பது அந்த நெட்வொர்க்கில். மூளையின் பின்பக்க நடுப்பகுதி, முன்பக்க நடுப்பகுதி, ஞாபகத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் எல்லாம் அதில் கோர்த்தவை. 2004இல் கிரீசியஸ் என்பவரின் குழு அல்சைமர் ஆட்களிடம் இந்த நெட்வொர்க் தளர்ந்திருப்பதைக் காட்டியது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது பதியவில்லை, கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

உங்கள் அப்பாவுக்கு அடி வேறு இடம். சேலியன்ஸ் நெட்வொர்க் என்பார்கள். நான் அதை ‘சுருக்கென்று உறைக்க வைக்கும்’ நெட்வொர்க் என்று சொல்வேன். காதுக்கு உள்பக்கம் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலாவின் முன்பகுதியும், முன்பக்க சிங்குலேட் பகுதியும் அதன் தலைமை இடங்கள். வயிறு நிறைந்தது, இங்கே சிரிக்கக் கூடாது, மகள் முகம் வாடியிருக்கிறது, இதெல்லாம் ‘இப்போது முக்கியம்’ என்று மணி அடிப்பது அது. மணி அடிக்கவில்லை என்றால் அல்வா நிற்காது, சாவு வீடு உறைக்காது. வான் எகனாமோ செல்கள் என்று நீண்ட கதிர் வடிவ நரம்பணுக்கள் அந்த இரண்டு இடங்களில் அதிகம். இந்த நோயில் சீக்கிரம் அழிபவை அவைதான். ஞாபகப் பதிவேடு வேறு அறையில் இருக்கிறது, அங்கே இன்னும் நெருப்பு போகவில்லை. அதனால்தான் 1998 வட்டிக்கணக்கு பத்திரமாக இருக்கிறது.

2009இல் வில்லியம் சீலியின் குழு ஐந்து வகை நோயாளிகளின் மூளையில் சுருங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு, நோயில்லாத ஆட்களின் நெட்வொர்க் வரைபடங்களோடு ஒப்பிட்டது. ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு நெட்வொர்க்கின் வடிவத்திலேயே மூளையைத் தின்றிருந்தது. கண்டபடி பரவவில்லை, ஏற்கெனவே இருக்கும் கோலத்தின் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே போகிறது.


கெடிலக்கரை:

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து “அப்போ வேணும்னு பண்ணலையா” என்று மட்டும் கேட்டார்.

ஒரு கேள்வி. மாமியார் என் அழுகைக்கு அழுவது வெறும் பாசமா, அதுவும் நோயா?


ஸ்கேன்ரூம்:

இரண்டையும் பிரிக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. 2010இல் வந்த ஓர் ஆய்வில் அல்சைமர் ஆட்களுக்கு டிஃபால்ட் நெட்வொர்க் தளர்ந்தபோது சேலியன்ஸ் நெட்வொர்க்கின் பிணைப்பு கூடியிருந்தது. அப்பாவின் வகைக்கு நேர் எதிர், சேலியன்ஸ் குறைந்து டிஃபால்ட் கூடியிருந்தது. கிணற்று ஏற்றம் மாதிரி, ஒன்று இறங்கினால் ஒன்று ஏறுகிறது. அல்சைமர் ஆட்களுக்கு அடுத்தவரின் உணர்ச்சி சட்டென்று ஒட்டிக்கொள்வது கூடுகிறது என்று வேறு ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். அதனால் மாமியார் இருக்கும் அறையில் சண்டை வேண்டாம். காரணம் மறந்துவிடும், கலக்கம் மட்டும் சாயங்காலம் வரை நிற்கும்.


பண்ருட்டிப்பலா:

நான் குறுக்கே பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். இந்த நெட்வொர்க் கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அணுக்கள் செத்ததால் நெட்வொர்க் அறுந்ததா, நெட்வொர்க் அறுந்ததால் அணுக்கள் செத்ததா? அதைச் சொல்லாமல் படம் போட்டுக் காட்டி என்ன? அப்புறம் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரிடம் ‘மூளை கனெக்‌ஷன் ஸ்கேன்’ எடுத்தால் எந்த டிமென்ஷியா என்று தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லிப் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். இது அடுத்த வியாபாரமா?


ஸ்கேன்ரூம்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், காசு விஷயம். சும்மா படுக்க வைத்து எடுக்கும் எஃப்எம்ஆர்ஐயை (மூளை வேலை செய்வதைப் பார்க்கும் எம்ஆர்ஐ) வைத்து ஒரு தனி ஆளுக்கு ‘உனக்கு இந்த வகை’ என்று சொல்வது வழக்கத்தில் இல்லை. அந்த முடிவுகள் எல்லாம் பல பேரின் சராசரி. கொஞ்சம் தலை அசைந்தாலே, தூங்கிவிட்டாலே படம் மாறிவிடும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். டாக்டர்கள் கேட்பது சாதாரண எம்ஆர்ஐ (எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே ரத்தக்குழாய்ச் சேதம்), ரத்தத்தில் தைராய்டு, பி12 பரிசோதனைகள், சந்தேகம் தீராவிட்டால் குளுக்கோஸ் பெட் ஸ்கேன் (மூளை எங்கே சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்று காட்டுவது). எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் இருப்பவர் சொல்லும் கதை. மேலே அக்கா எழுதினாரே அந்த முதல் பத்தி, அதுதான் பாதி நோயறிதல்.

முதல் கேள்வி நல்ல கேள்வி. இரண்டும் நடக்கிறது என்பதுதான் இப்போதைய பதில். 1991இல் பிராக் தம்பதி அல்சைமரில் டௌ என்ற புரதம் படிப்படியாகப் பரவுவதை வரிசைப்படுத்தினார்கள்: ஹிப்போகேம்பஸுக்கு வாசல் மாதிரி இருக்கும் பகுதியில் ஆரம்பித்துப் படிப்படியாக வெளியே. உருக்குலைந்த புரதம் ஓர் அணுவில் இருந்து அதோடு இணைந்த அடுத்த அணுவுக்குத் தாவி, அங்கே இருக்கும் நல்லதையும் கெடுக்கிறது என்பதற்கு எலிகளில் சான்று இருக்கிறது. அதாவது நெட்வொர்க்தான் நோய்க்கு ரோடு. இன்னொரு பக்கம், அல்சைமரின் இன்னொரு புரதமான அமிலாய்டு முதலில் சேர்கிற இடங்கள் பெரும்பாலும் மூளையின் ஜங்ஷன்கள். நம் பக்கத்து ரயிலை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரி, கடலூர், காட்பாடி, திருச்சி, சென்னை எதற்குப் போனாலும் விழுப்புரம் வருகிறது. நாள் முழுக்க வண்டி ஓடும் ஜங்ஷனில்தான் தேய்மானமும் அதிகம், அங்கே பழுது வந்தால் ஐந்து பக்கமும் நிற்கும்.


பண்ருட்டிப்பலா:

விழுப்புரத்தில் தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுகிறார்கள் சார். மூளையில் யார் மாற்றுவது? எந்த வகை என்று பெயர் தெரிந்து மட்டும் என்ன ஆகப்போகிறது? சரி, ஸ்கேன் பற்றிச் சொன்னதற்கு நன்றி, பக்கத்துக்காரரிடம் சொல்லிவிடுகிறேன்.


மில்சங்கு:

முதலியார்பேட்டை. அப்பா மில்லில் நெசவுப் பிரிவு, 34 வருடம். இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்கு லூயி பாடி டிமென்ஷியா. எங்களுக்குத் தெரிவதற்கு ஏழெட்டு வருடம் முன்பே ராத்திரி தூக்கத்தில் கத்துவார், கனவில் யாரையோ அடிப்பது போல அம்மாவை உதைத்துவிடுவார். காலையில் அவரே சிரிப்பார். அதை யாருமே நோயாக நினைக்கவில்லை. அப்புறம் மூலையில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், சோறு போடு என்பார். பயம் எல்லாம் இல்லை, அன்பாகத்தான் சொல்வார். அம்மா வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனார். காலையில் பேப்பர் படித்து அரசியல் பேசுவார், மத்தியானம் கேட்டால் தன் பெயரைச் சொல்லத் தடுமாறுவார், மறுநாள் திரும்பவும் தெளிவு. நடிக்கிறார் என்று என் தம்பி சண்டையே போட்டான். மூடிப்போன மில்லின் சங்கு கேட்கிறது, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று விடிகாலையில் சைக்கிளைத் தேடுவார்.

ஒரு நாள் இப்படிக் கிளம்பியவரைத் தடுத்தபோது பெரிய ரகளை. ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அடங்குவதற்கு என்று ஹாலோபெரிடால் என்ற பழைய மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். மறுநாள் ஆள் கட்டை. கழுத்து திரும்பவில்லை, விழுங்க முடியவில்லை. ஒன்பது நாள் குழாய் வழியாகச் சாப்பாடு. அதற்கு முன்பு நடந்தது போல அப்பா அப்புறம் நடக்கவே இல்லை. யாராவது முன்பே இந்த வகையின் பெயரை எங்களுக்குச் சொல்லியிருந்தால் நான் அந்த ஊசியை வேண்டாம் என்றிருப்பேன். பண்ருட்டி அண்ணே, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பதற்கு என் பதில் இதுதான்.


பண்ருட்டிப்பலா:

மன்னித்துவிடு தம்பி. நான் அதை யோசிக்கவில்லை.


ஸ்கேன்ரூம்:

மில்சங்கு, எழுதியதற்கு நன்றி. லூயி பாடி உள்ளவர்களில் நிறைய பேருக்கு அந்தப் பழைய வகை மருந்துகள் கடுமையாகத் திருப்பியடிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் ஒரு தாளில் இதைப் பெரிதாக எழுதி அவர் ஆதார் அட்டையோடு வையுங்கள், ராத்திரி எமர்ஜென்சியில் நாம் பதற்றத்தில் சொல்ல மறப்போம்.

அவருடையதில் வில்லன் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற வேறு புரதம். ஃபிரெட்ரிக் லூயி 1912இல் விவரித்த உருண்டைகள் அதனால் ஆனவை. மூளை முழுக்க அசிட்டைல்கோலின் என்ற சேதி கடத்தும் ரசாயனத்தை அனுப்புகிற அணுக்களும் அடிவாங்குவதால் கவனத்தைப் பிடித்துவைக்கும் நெட்வொர்க் நிலையாக நிற்காது. வோல்டேஜ் ஏறி இறங்கும் வீட்டு விளக்கு மாதிரி. அதனால்தான் காலையில் பிரகாசம், மத்தியானம் மங்கல். நடிப்பு இல்லை. பார்வைப் பகுதிகளும் தளர்ந்திருக்கும். கண் கொடுக்கும் அரைகுறைச் சேதியைக் கவன நெட்வொர்க் சரிபார்க்காமல் விட, உள்ளே இருந்து வரும் உருவங்கள் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். மூலையில் மடித்து வைத்த துணி குழந்தையாகிறது. அறையில் வெளிச்சத்தைக் கூட்டினாலே சிலருக்கு உருவங்கள் குறையும். கனவில் கை கால் ஓங்குவதும் பல வருடம் முன்பே வரும் அறிகுறிதான்.

அசிட்டைல்கோலினைக் கூட்டும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் மாத்திரைகள் லூயி பாடிக்கு ஓரளவு நன்றாகவே கேட்கும். கெடிலக்கரை அக்கா, அதே மாத்திரை அப்பாவின் வகைக்குப் பயன்படாது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். மாமியாரின் மாத்திரை அட்டை வீட்டில் இருக்கிறதே என்று யாரும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டாம்.


கெடிலக்கரை:

ஐயோ. என் வீட்டுக்காரர் போன வாரம் அதைத்தான் கேட்டார்.


நெல்லித்தோப்பு டீச்சர்:

என் அம்மாவுக்கு ரத்தக்குழாய் வகை. இருபது வருட சர்க்கரை, பிபி, இரண்டு சின்ன ஸ்ட்ரோக். அம்மாவிடம் நான் கவனித்தது: மறக்கவில்லை, தாமதம். கேள்வி கேட்டால் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கும், ஒரு நிமிஷம் கழித்துப் பதில் வரும். “நேத்து யார் வந்தா?” என்றால் தெரியாது என்பார். “மஞ்சள் புடவை” என்று ஒரு துப்பு கொடுத்தால் “அட, கமலா!” என்பார். என் அத்தைக்கு அல்சைமர் இருந்தது, அவருக்கு எத்தனை துப்பு கொடுத்தாலும் உள்ளே எதுவும் இல்லை.

டாக்டர் சொன்னார், அம்மாவுக்கு வெள்ளைப் பகுதியில், அதாவது மூளையின் வயர்களில்தான் சேதம் என்று. எனக்கு உடனே 2011 தானே புயல் ஞாபகம் வந்தது. டிசம்பர் 30 விடியற்காலை. அப்புறம் எத்தனை ராத்திரி இருட்டு! மின்சாரம் உற்பத்தியாகாமல் இல்லை, நெய்வேலி அங்கேயேதான் இருந்தது. கம்பம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தது. முன்மூளைக்கும் உள்ளே இருக்கும் பகுதிகளுக்கும் நடுவில் ஓடும் கம்பிகள் அறுந்தால் திட்டமிடுவது, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் இப்படித்தான் இழுக்கும் போல. இந்த வகையில் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது, பிபியையும் சர்க்கரையையும் பிடித்து வைத்தால் அடுத்த கம்பம் சாய்வதைத் தள்ளிப் போடலாம். அம்மா ஊறுகாயை விடமாட்டேன் என்கிறார், அது வேறு கதை.


ஸ்கேன்ரூம்:

டீச்சர், என் விழுப்புரத்தை விட உங்கள் தானே நல்ல உதாரணம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், வயதானவர்களின் மூளையில் இந்த வகைகள் கலந்தே இருப்பது சகஜம். 80 வயதில் அல்சைமரும் ரத்தக்குழாய்ச் சேதமும் பல பேருக்குக் கைகோத்தே வரும்.


சொல்தா பேரன்:

டீச்சர் சொன்ன துப்பு விஷயம் எங்கள் பாட்டிக்குச் சரிவராது. பாட்டிக்குப் பழைய சம்பவம் எல்லாம் தெரியும், வழி தெரியும், பஸ் ஏறி வில்லியனூர் போய் வந்துவிடுவார். ஆனால் சொற்களே காலியாகின்றன. போன மாதம் முறத்தைக் கொடுத்தால் “முறம்னா என்ன?” என்று கேட்டார். பெயர் மறந்தால் பரவாயில்லை, அதை வைத்து என்ன செய்வது என்பதே தெரியவில்லை. அறுபது வருடம் அரிசி புடைத்த கை.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் தெருவில் சொல்தா வீடு என்றால்தான் தெரியும். பாட்டிக்கும் பிரெஞ்சு ஓரளவு வரும், அதுதான் முதலில் போனது.


ஸ்கேன்ரூம்:

இது சொல்லின் அர்த்தமே அழிகிற வகையாக (செமான்டிக் டிமென்ஷியா) இருக்கலாம், டாக்டரிடம் அந்த முறம் கதையை அப்படியே சொல்லுங்கள். காதுக்கு முன்னால் இருக்கும் பொட்டுக்கு உள்பக்கம் உள்ள டெம்போரல் மடலின் நுனி ஒரு சந்திப்பு. முறத்தின் உருவம், சத்தம், பெயர், கை அசைவு எல்லாம் வேறு வேறு இடத்தில் இருந்து வந்து அங்கே ஒரு முடிச்சாகும். அந்த முடிச்சு அவிழ்ந்தால் பொருளே போய்விடும், நேற்று நடந்தது மட்டும் இருக்கும்.

பிரெஞ்சு பற்றிச் சொன்னதால் ஒன்று. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013இல் எழுதியது: இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் ஏறக்குறைய நாலரை வருடம் தாமதமாக ஆரம்பித்திருக்கிறது, பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும். மாற்று வழிகள் கொண்ட நெட்வொர்க் அதிக நாள் சமாளிக்கிறது என்று விளக்குகிறார்கள். வேறு ஊர் ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை, அதனால் யாரும் நாளைக்கே பிரெஞ்சு வகுப்பில் சேர வேண்டாம். காது கேட்கவில்லை என்றால் முதலில் மெஷின் வாங்குங்கள், அதற்கு ஆதாரம் இதைவிட வலுவானது.


சில்வர்பீச் காற்று:

முதலில் எழுதியது நான்தான். ஸாரி அக்கா. இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது நம் நாட்டில்?


நெல்லித்தோப்பு டீச்சர்:

60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்று 2023இல் வந்த மதிப்பீடு. பார்த்துக்கொள்கிறவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது தம்பி, குறித்துக்கொள்.


கெடிலக்கரை:

மூன்று வாரம் ஆகிவிட்டது. பெட் ஸ்கேன் எடுத்தோம், முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் மங்கலாக இருக்கிறது என்று ரிப்போர்ட். டாக்டர் சொன்னதும் இங்கே நீங்கள் சொன்னதும் ஒன்றுதான். ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துவிட்டேன், இனிப்பு டப்பாவைப் பூட்டி வைத்தாயிற்று. அவரிடம் “ஏன்பா இப்படிப் பண்றீங்க” என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். உறைக்கும் மணி இல்லாதவரிடம் கேட்டு நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

மளிகைக் கடைக்காரரிடம் நேரில் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், “எடுத்துக்கட்டும் தங்கச்சி, நோட்டில் எழுதி வைக்கிறேன், மாசக் கடைசியில் பார்த்துக்கலாம்” என்றார். நேற்று மாதக் கடைசி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் நோட்டைப் பார்த்து முந்திரி பதினொரு தடவை என்றார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “பன்னிரண்டு. ஏழாம் தேதி நீ கல்லாவில் இல்லை, உன் பையன் இருந்தான்” என்றார்.